அறுவை சிகிச்சைக்கு முன்பே அடுப்படி உங்கள் கைக்கு வரட்டும்

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 58. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். 84 வயதான என் அம்மாவும் எங்களோடுதான்; வாக்கர் பிடித்து நடப்பார். மனைவிக்குச் சின்ன வயதில் ஊரில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, அதில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டதாம். இத்தனை வருடம் மாத்திரையில் ஓட்டினோம். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இன்னும் நான்கு வாரத்தில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைக்கப் போகிறார்கள். பேச்செடுத்தால், "நீங்க கவலைப்படாதீங்க, நான் வந்து பார்த்துக்கிறேன்" என்கிறாள். மகள் கைக்குழந்தையோடு மெல்பர்னில். மகனுக்கு ஷிப்டு வேலை. நான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அடுப்படிப் பக்கம் போனதே கிடையாது. ராத்திரியில் அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். ஊரிலிருந்து மைத்துனியை வரச் சொல்லலாமா? நான் என்னதான் செய்ய வேண்டும்?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் "நான் வந்து பார்த்துக்கிறேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மருத்துவமனையிலிருந்து வந்ததும் அடுப்பு, மாமியார், துணிமணி எல்லாவற்றையும் பழையபடி கையில் எடுத்துக்கொள்வதாக உங்கள் மனைவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அது நடக்கக்கூடாது. ஆனால் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் கட்டாயம் நடக்கும். இதய அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். கணவருக்கு ஆபரேஷன் என்றால் வீட்டில் மனைவி இருக்கிறார், அவர் நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறார். மனைவிக்கு ஆபரேஷன் என்றால், நம் வீடுகளில், வந்த சில நாளிலேயே அவரே எழுந்து அரிசி களைகிறார். யாரும் களையச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிங்க்கில் பாத்திரம் கிடக்கும், மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார், கணவர் எந்த டப்பாவில் பருப்பு என்று தேடிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டு படுத்திருக்க அவருக்கு மனசு வராது.

அதனால் என் பதிலில் பெரும்பகுதி ஆபரேஷனுக்கு முந்தைய இந்த நான்கு வாரங்களைப் பற்றியதுதான். அந்த வீட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதே, அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித்தரக்கூடிய நிலையில் இருக்கும்போதே.

ஒரு நோட்டு வாங்குங்கள். குக்கரில் ஒரு கப் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், அம்மாவுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான், டெக்கா சந்தையில் எந்தக் கடைக்காரரிடம் மீன் வாங்குவது, எந்த பில் எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பிறகு நீங்களே சமையுங்கள். சாதம், பருப்பு, ரசம், ஒரு காய், முட்டை, மீன் குழம்பு. இந்த ஆறு வந்தால் குடும்பம் பட்டினி கிடக்காது. முதல் வாரம் ரசம் வாயில் வைக்க முடியாது. அதைச் சொல்லிச் சிரிக்க அவருக்கும் ஒரு வாய்ப்பு. உப்பைக் குறைக்கவும் இதுதான் நேரம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, உணவங்காடிக் குழம்பு இவையெல்லாம் உடம்பில் நீரைத் தேக்கி, இப்போதே திணறும் இதயத்தை இன்னும் திணறவைக்கும். கடைச் சாப்பாட்டில்தான் ஓட்டப்போகிறேன் என்று நினைத்திருந்தால், அந்தத் திட்டம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது அம்மா. அவர் வயதையும் வாக்கரையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவரைக் குளிக்கவைப்பது, ராத்திரி கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் இன்று யார்? உங்கள் மனைவியாகத்தான் இருக்கும். வாக்கரோடு தடுமாறும் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது, ஆபரேஷனில் பிளந்த நெஞ்செலும்பு இன்னும் ஒட்டாத ஒருவர் செய்யவே கூடாத காரியம். மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம், வீட்டுக்கு வந்து குளிக்கவைத்துவிட்டுப் போகும் சேவை, கொஞ்ச காலத்துக்கு தாதிமை இல்லம் என்று வழிகள் இருக்கின்றன. மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரையோ, ஏஐசி என்ற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பையோ கேட்டால் விண்ணப்பிக்க உதவுவார்கள். இடம் கிடைக்க நாளாகும் என்பதால் இந்த வாரமே பேசுங்கள். அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள், மருமகளைச் சொல்லவிடாதீர்கள். "மூணு மாசத்துக்கு அவ உங்களத் தூக்கமாட்டா" என்ற வார்த்தை மகன் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக. மருத்துவமனையில் நிதி ஆலோசனைக்கு நேரம் வாங்கி, உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி போக மீதிக்கு அவருடைய மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு மட்டுமல்ல, உங்களுடையதையும் மகனுடையதையும் பயன்படுத்தலாம். இடிக்கிறது என்றால் வெட்கப்படாமல் சமூக ஊழியரிடம் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கடைசி உதவியாக மெடிஃபண்ட் இருக்கிறது.

மைத்துனியைத் தாராளமாக வரச் சொல்லுங்கள், ஆனால் ஆபரேஷன் அன்றைக்கு வேண்டாம். அன்று அவர் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்குக் காப்பி வாங்கிக்கொடுக்கும் வேலையும் உங்கள் தலையில். அவருக்கு விசா எடுக்க வேண்டும், கிடைக்கும் தங்கும் அனுமதியும் சில வாரங்களுக்குத்தான். மனைவி வீடு திரும்பிய முதல் இரண்டு வாரத்துக்கு நீங்கள் விடுப்பு எடுங்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் மைத்துனி வந்து இறங்கட்டும். வேலையிடத்திலும் இப்போதே எழுதிக் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல், ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறையாக எழுதிக் கேட்டால் முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கேட்ட ஏற்பாட்டைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்கப்போவதில்லை. கிடங்கில் சில மாதம் காலை ஷிப்டு மட்டும் என்று மாற்றிக்கொடுத்தாலே பாதிப் பாரம் குறையும்.

அப்புறம் ஒரு சங்கதி. நம்மவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும் அபாயம் உண்டு. தாலி தொங்கும் இடத்தில்தான் கத்தி வைக்கப் போகிறார்கள் என்பது வேறு. அன்று காலை, கவுனை மாட்டிக்கொண்ட பிறகு, ஒரு தாதி வந்து கழற்றச் சொல்லும்போது எத்தனையோ பெண்கள் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை அங்கேதான் கொட்டுவார்கள். அதை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் வீட்டில், சாமி படத்துக்கு முன்னால், நீங்களே கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விருப்பப்பட்டால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று வார்டில் கேளுங்கள். ஊசிகள் ஏற வேண்டிய இடம் அது, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பல வருடமாகக் கழற்றாத மூக்குத்தி இறுகிப் போயிருக்கும். அதை முந்தின வாரமே நகைக்கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ வேண்டாம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி குழம்பும்.

ஆபரேஷன் பல மணி நேரம் ஓடும். இதயத்தை நிறுத்தி, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு வால்வை மாற்றுவார்கள். ஐந்தாறு மணி நேரம் ஆனாலே ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் முதலில் பார்க்கப்போகும் முகத்துக்குத் தயாராக இருங்கள்: வீங்கி, வெளிறி, தொட்டால் சில்லென்று இருக்கும். வாயில் சுவாசக் குழாய் இருக்கும், அதனால் பேச முடியாது. மயக்கம் தெளியும்போது குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளை மெத்தென்ற பட்டையால் கட்டியிருக்கலாம். நெஞ்சுக்குக் கீழே குழாய்களில் ரத்தம் வடியும். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். மகனை முன்கூட்டியே உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். பார்த்ததும் மயங்கி விழுவது பெரும்பாலும் திடகாத்திரமான மகன்கள்தான். காதருகே போய் யார் பேசுவது, இன்று என்ன கிழமை, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள்.

குழாய் எடுத்த பிறகு சிலருக்கு ஓரிரண்டு நாள் புத்தி தடுமாறும். இறந்துபோன அப்பா கட்டிலருகே நிற்கிறார் என்பார், தாதி விஷம் கொடுக்கிறாள் என்பார், உங்களையே யார் என்று கேட்கலாம். பயம், மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் சரியாகிவிடும். வாதாடாதீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய்ப் போடுங்கள், ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பலருக்கு ஆங்கிலம் வாயில் வராது, ஊர்ப் பேச்சுதான் வரும். கட்டிலருகே நிற்கும் தாதி மணிலாக்காரராகவோ மலாய்க்காரராகவோ இருப்பார். ஓர் அட்டையில் 'தண்ணி', 'வலிக்குது', 'மூச்சு முட்டுது', 'ஒண்ணுக்கு வருது' என்று உச்சரிப்பையும் அர்த்தத்தையும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வார்டில் இப்படி ஒட்டிய அட்டையை வைத்து இளம் தாதிகள் தமிழ் பேசிப் பழகினார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு வாரம், பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். டாக்சியில் பின்சீட்டில் உட்காரவைத்து, நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சின்னத் தலையணை வையுங்கள். அந்தத் தலையணை இனி எப்போதும் கூடவே இருக்கட்டும். இருமும்போதும் தும்மும்போதும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

நெஞ்செலும்பை நடுவே பிளந்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையில் காயும்வரை யாரையும் கால் வைக்க விடமாட்டோம் அல்லவா, அப்படி ஓர் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் அந்த எலும்பைக் காக்க வேண்டும். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்குவது, மாவு நிறைந்த கிரைண்டர் பாத்திரத்தைக் கவிழ்ப்பது, கனமான குக்கரை இறக்குவது, தரையை அழுத்தித் துடைப்பது எதுவும் கூடாது. முக்கியமாக ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி. ஈரத் துணியோடு அதை நீட்டி வெளியே சொருகுவது நெஞ்சைக் குறுக்கே இழுத்துப் பிளக்கிற வேலை. துணி காய வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றாமல் எழ வேண்டும். நீங்கள் உதவுவதாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் கைகொடுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

தலை பின்னுவதும் உங்கள் வேலைதான். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக அவரால் சில வாரம் முடியாது. யூடியூபில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மகளிடம் வீடியோ அழைப்பில் கேளுங்கள். மூன்று கால் பின்னல்தான், கிடங்கையே நிர்வகிக்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. உள்ளாடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆண் வாசகருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். மார்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பியில்லாத, மெத்தென்ற பருத்தி உள்ளாடை நான்கு வாங்கி வையுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டியும் அப்படியே. தலைவழியாகப் போடும் கஃப்தான் எல்லாம் அலமாரியில் இருக்கட்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். உலோக வால்வு வைத்தால் ரத்தம் அதில் கட்டிக்கொள்ளாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. அது சரியான அளவில் வேலை செய்கிறதா என்று ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம், கூடினால் ரத்தக் கசிவு. தினமும் ஒரே நேரத்தில் போடட்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. கீரையை ஒதுக்கச் சொல்லி உறவினர்கள் வருவார்கள். ஒதுக்க வேண்டாம். முருங்கைக்கீரையும் கைலான் என்ற சீனக் கீரையும் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும். ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஆபத்து. கவனிக்க வேண்டிய இன்னொரு திசை பக்கத்து வீடு. நல்ல மனதோடு சீன ஆன்ட்டி டாங் குவாய் என்ற மூலிகை போட்ட கோழி சூப் கொண்டுவருவார், அத்தை ஊர் லேகியம் அனுப்புவார். இவை வார்ஃபரினோடு மோதக்கூடும். இரண்டையும் நன்றி சொல்லி வாங்கி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் வேண்டாம்.

இந்த வால்வுக்குச் சத்தம் உண்டு. இரவில் வீடு அடங்கிய பிறகு, பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கே கேட்கலாம், கைக்கடிகாரம் போல 'டிக் டிக்' என்று. வால்வு திறந்து மூடுவதுதான் அது. முதல் சில வாரம் அது அவரைத் தூங்கவிடாது, பிறகு பழகிவிடும். மூச்சு இருக்கிறதா என்று எழுந்து பார்க்கிறவருக்கு இது ஒரு வசதியும்கூட. அந்தச் சத்தம் திடீரென்று மங்கினால் அல்லது மாறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நெஞ்சு வலி, படுக்கக்கூட முடியாத மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுதல், ஒரு கை கால் விழுதல், பேச்சு குளறல் எதுவானாலும் 995-ல் ஆம்புலன்சை அழையுங்கள். தலையில் அடிபட்டாலோ மலம் கறுப்பாகப் போனாலோ, வலி இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், இருமும்போது நெஞ்செலும்பில் 'கடக்' என்ற அசைவு இவற்றுக்கு அன்றே மருத்துவமனையை அழையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம்; அதையும் சொல்ல வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் நீங்கள்தான் காவல். பதினைந்து நிமிடம், சளி இருமல் உள்ளவர்கள் வேண்டாம், "எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு உடனே காப்பி.

மூன்றாவது வாரம்போல் வேறு ஒரு சிக்கல் வரும். உடம்பு தேறிவரும், மனசு விழும். காரணமில்லாமல் அழுவார், ரசத்தில் உப்பில்லை என்று எரிந்து விழுவார், டிவி சீரியலில் யார் யார் என்பதே மறந்துபோகும். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது நிறையப் பேருக்கு வரும். பெரும்பாலும் தானாக வடியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, 'நான் எதுக்கு இருக்கணும்' என்ற பேச்சு வந்தாலோ மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

அந்த மனச்சோர்வில் உங்கள் பங்கும் இருக்கக்கூடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எங்கே எழுந்தாலும் "உட்காரு, உட்காரு" என்று பின்னாலேயே போகும் ஆள் என்று தோன்றுகிறது. முதல் இரண்டு வாரம் அது சரி. நாலாவது வாரமும் அப்படியே இருந்தால் அவருக்கு வீட்டில் வேலையே இல்லாமல் போய்விடும். 58 வயது வரை அந்த வீட்டை ஓட்டியவர் அவர். உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கட்டும், குழம்புக்கு உப்புப் பார்க்கட்டும், கணக்கு எழுதட்டும். முதலில் வீட்டு வாசல் நடைபாதையில் ஐந்து நிமிடம், பிறகு புளோக்கின் கீழ்த்தளம், பிறகு காலை வெயிலுக்கு முன் பூங்கா என்று நடையைக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிந்தால் வேகம் சரி, பேச்சு தடைப்பட்டால் நிற்க வேண்டும். மருத்துவமனை இதயப் புனர்வாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் கேட்டால் கட்டாயம் கொடுங்கள். சிங்கப்பூர் இருதய அறநிறுவனமும் வெளியே இப்படி நிலையங்கள் நடத்துகிறது. கண்காணிப்போடு உடற்பயிற்சி செய்து பார்த்தபிறகுதான் பலருக்குத் தன் இதயத்தின்மேல் நம்பிக்கை வருகிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் கணவருக்கும்தான்.

தாம்பத்தியம் பற்றிக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால், எலும்பும் கூடிவிட்டால், பொதுவாக ஆறெட்டு வாரத்துக்குப் பிறகு தடையில்லை. அவர் கைகளை ஊன்றிப் பாரம் தாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தயாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"கவலைப்படாதீங்க" என்கிறாரே, அதற்கு நீங்கள் "நான் ஒண்ணும் கவலைப்படல" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். இருவரும் நடிக்க வேண்டாம். "எனக்கும் பயமா இருக்கு, சோறு வைக்கக் கத்துக்குடு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாய் திறப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் தூங்குகிறீர்களா என்று பார்க்கும் பொறுப்பை மகனிடம் ஒப்படையுங்கள். வாரத்தில் இரண்டு இரவு அவர் முறை என்று இப்போதே அட்டவணை போடலாம்.

கடைசியாக ஒன்று, உங்கள் கடிதத்தில் இல்லாததால் கேட்கிறேன்: பல் மருத்துவரிடம் காட்டியாகிவிட்டதா? சொத்தைப் பல்லிலிருந்தோ ஈறிலிருந்தோ கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் உட்கார்ந்துவிடலாம். அதனால் வால்வு ஆபரேஷனுக்கு முன் பல்லைச் சரிபார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். நான்கு வாரம்தான் இருக்கிறது. நாளைக் காலையே அறுவை சிகிச்சை மருத்துவரின் கிளினிக்கை அழைத்துக் கேளுங்கள். இனி வாழ்நாள் முழுக்க எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே, உலோக வால்வு இருக்கிறது, வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று அவர் சொல்ல வேண்டும்.